குற்றம் குடத்திலா, குடியிலா?

ஒரு பொருளால் விளைந்த தீங்கைக் கண்டு அப்பொருளை வெறுத்தல் மக்கட்கு இயல்பு. அவ்வெறுப்பு நியாயமானதே. எனினும், தீங்கு நிற்கும் இடத்தில் அவ்வெறுப்பும் நிற்பதில்லை. பொருளைக் கடந்து, அதனைத் தொட்ட பாத்திரத்தையும், அதன் மணம் பட்ட உணவையும், அதனை இறக்கியவன் கையையும், அவன் குடியிருக்கும் தெருவையும் அது வெறுக்கத் தலைப்படுகிறது. இங்ஙனம் பரவிய வெறுப்பு அறிவின்பாற்பட்டதா, அன்றி நாம் ஒழிக்கப் புறப்பட்ட தீட்டுக் கொள்கையே வேறுருக் கொண்டு நம் அடுக்களையுள் நுழைந்ததா என்று ஆராய்தல் சீர்திருத்தம் விரும்புவார் கடமையாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அது ஒரு ரொட்டி. ஈப்போ முதலிய நகரங்களில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இக்காலத்து ரொட்டியடுப்பு இடம்பெற்றுவிட்டது. யாழ்ப்பாணத்தார் ரொட்டி சுடும் அடுப்பைப் போறணை என்பர். இது வீட்டளவில் அமைந்த சிறு போறணை. அதிற் சுடப்படுவனவற்றுள் பீர் ஊற்றிக் கலந்த சிறு கார ரொட்டியும் ஒன்று. குடியை விட்டொழித்தோம் என்று உறுதி பூண்ட குடும்பத்தில் இதனைச் சுடலாமா? உண்ணலாமா? வந்த விருந்தினர்க்கு வைக்கலாமா? வினா சிறிதெனினும் அதன் வேர் ஆழமானது.

முதற்கண் அப்பண்டம் இன்னதென அறிவோம். 190 கிராம் கோதுமை மாவு, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது சர்க்கரை ஆகியவற்றோடு, பொடியாய் நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்ப்பர். அதில் 165 மில்லிலிட்டர் பீர், அதாவது சிறு புட்டியிற் பாதி, ஊற்றிக் கரண்டியாற் கலப்பர். பிசைய வேண்டா, ஊறவைக்கவும் வேண்டா. நெய் தடவிய தகரத்தில் இட்டு, 190 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 35 அல்லது 40 நிமிடம் சுட்டெடுப்பர். பீரில் வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரே இதனை எழுப்புகிறது என்று கருதுவார் உளர். அஃது உண்மையன்று. கடைகளில் விற்கும் புட்டிப் பீர் பெரும்பாலும் வடிகட்டியோ சூடேற்றியோ அடைக்கப்படுதலின், உயிருள்ள ஈஸ்ட் அதில் இராது. ரொட்டியை எழுப்புவது பேக்கிங் பவுடரினின்று பிறக்கும் கரியமில வாயுவே. பீர் தருவது தானிய மணமும், சிறு கைப்பும், நுரையால் வரும் மென்மையுமாம்.

தீயிற்பட்டால் சாராயச் சத்து முற்றும் பறந்துபோம் என்பது பலர் நம்பிக்கை. அதுவும் முழு உண்மையன்று. அமெரிக்க வேளாண்மைத் துறையார் வெளியிட்ட அட்டவணைப்படி, மாவோடு கலந்து அரைமணி நேரம் சுட்ட பண்டத்தில், இட்ட சத்தில் நூற்றுக்கு 35 பங்கு எஞ்சி நிற்கும். ஒருமணி நேரமாயின் 25 பங்கு நிற்கும். நூற்றுக்கு 5 பங்கு சத்துள்ள பீரில் 165 மில்லிலிட்டர் எடுத்தால், அதில் உள்ள சாராயச் சத்து ஏறக்குறைய 8 மில்லிலிட்டர். சுட்டபின் எஞ்சுவது 3 மில்லிலிட்டருக்கும் குறைவு. ரொட்டியை எட்டுத் துண்டமாக்கின், ஒரு துண்டத்தில் ஏழெட்டுத் துளி இருக்கலாம். ஆகவே, ஒன்றுமே இல்லை என்று சொல்லி இதற்காக வாதாடுவது பொய். மயக்கும் அளவு இல்லை என்பதே மெய். அறத்தை ஆராய்வோர் தமக்குச் சாதகமான பொய்யையும் கைக்கொள்ளலாகாது.

பீர் அயல்நாட்டுப் பொருள், இவ்வினா அயலதன்று. நம் ஆப்பம் இதற்குச் சான்று. அரிசிமாவில் ஒரு கரண்டிக் கள்ளை விட்டு இரவெல்லாம் பொங்கவைத்து ஆப்பம் சுடுவது ஈழத்திலும் சேரநாட்டிலும் தமிழ்நாட்டிலும் நெடுநாளைய வழக்கம். கோவாவில் ரொட்டி சுடுவோர் கள்ளையே புளிப்பாகக் கொண்டனர். இந்தியாவில் ஆங்கிலேயர்க்கு ரொட்டி சுட்டோரும் அவ்வாறே செய்தனர். ஐரோப்பாவிலும் ரொட்டி சுடுவோர் பீர் வடிப்போரிடம் நுரையை வாங்கியே மாவை எழுப்பினர். இவ்விரண்டிலும் வேலை செய்வது ஒரே உயிர் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்டர் முதலிய அறிஞர் விளக்கினர். சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் இரண்டு பொருள்களைத் தருகிறது; ஒன்று வாயு, மற்றொன்று சாராயச் சத்து. ரொட்டிக்காரன் வாயுவை வேண்டுகிறான். குடிப்பவன் சத்தை வேண்டுகிறான். இன்று நம் வீடுகளில் ஈஸ்டும் சோடா உப்பும் கள்ளின் வேலையைச் செய்கின்றன. அச்சோடா உப்புக்கு ஆப்பச் சோடா என்றே பெயர் வழங்குவதும் நோக்கத்தக்கது.

தென்னம்பாளையினின்று வடியும் நீரையும் சற்றே சிந்தியுங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர், குழந்தையும் பருகும். தடவாது விட்டால் சில மணி நேரத்திற் கள். மேலும் சில நாள் விட்டால் காடி. காய்ச்சினால் வெல்லம். வாலையில் வடித்தால் சாராயம். ஆப்பமாவில் விட்டால் காலையுணவு. பாளை ஒன்றே, நீரும் ஒன்றே. மனிதன் கருத்தும் காலமுமே அதற்கு வெவ்வேறு பெயர் சூட்டின. அந்நீரில் அறமும் இல்லை, மறமும் இல்லை.

இங்கு ஒரு சாரார் குறுக்கிட்டு, 'தோட்டத்திற் கள்ளுக்கடை செய்த கொடுமையை அறியாதார் பேச்சு இது' என்பர். அவர் சொல்லை எளிதிற் தள்ளலாகாது. 1930-ஆம் ஆண்டுகளின் நெருக்கடியில் நாட்கூலி அரை வெள்ளிக்கும் கீழ் இறங்கிய காலத்தும், தோட்டத்துக் கள்ளுக்கடை மாலைதோறும் திறந்திருந்தது. காலையிற் கொடுத்த கூலியை மாலையில் வாங்கிக்கொள்ளும் பெட்டியாக அது விளங்கிற்று. கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலத்துக்கென ஒரு நிதியிற் சேர்த்தனர். தகப்பன் குடித்த காசில் பிள்ளைக்கு நலம் செய்ததாகக் கணக்கு எழுதப்பட்டது! 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாய் இருந்தது. 1947-இன் தொடக்கத்தில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாயில்களில் மறியல் செய்து, போலீசாரின் தடியடிக்கு ஆளாயினர். அதற்கும் முன்னரே, 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. இந்நாட்டுக்கு வந்து, ஈப்போவிற் கூடிய தமிழர் மாநாட்டிற் பேசிச் சீர்திருத்தக் கிளர்ச்சிக்கு ஊக்கமளித்தார். இவ்வரலாறு நம் உடம்பில் ஊறியது. ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடங்கொடுத்துவிட்ட இக்காலத்தும், கள்ளின் மணம் பட்டால் முகஞ்சுளிக்கும் முதியோர் பேராக்கில் உளர். அவர் முகச்சுளிப்பு மூடநம்பிக்கையன்று. பசித்துக் கிடந்த இரவுகளின் நினைவு.

ஆயின் அவர் வெறுத்தது எதனை? கூலியைப் பறித்ததை, அறிவைக் கெடுத்ததை, மனைவி மக்களை அடித்ததை. வள்ளுவப் பெருந்தகை தம் நூலின் 93-ஆம் அதிகாரத்துக்குக் கள்ளுண்ணாமை என்றே பெயரிட்டார்; கள் தொடாமை என்று பெயரிட்டாரல்லர். அவ்வதிகாரத்தைத் துறவறவியலிற் புலால் மறுத்தலோடும் கொல்லாமையோடும் வைக்காது, பொருட்பாலிற் சூதுக்கு முன்னே வைத்தார். குடியால் ஒருவன் இழக்கும் மதிப்பையும், நாணத்தையும், தன்னினைவையும் அவர் எண்ணிக் காட்டுகிறார். பொருள் தீண்டியதால் வரும் மாசு என்ற பேச்சு அங்கே இல்லை.

மதுவிலக்கைச் சட்டமாக்கினோரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தேயிருந்தனர். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்கின் அடிப்படையான அரசியற் சட்டத் திருத்தம், குடிப்பதற்கென ஆக்கும் மதுவையே தடுத்தது. சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கிற்று. அம்மாகாணச் சட்டம் பதநீர் இறக்குவதற்கு உரிமம் பெற இடந்தந்தது. இந்நாட்டு இஸ்லாமிய அறிஞர் குழுவினர் 2011-ஆம் ஆண்டு வகுத்த முடிவும் சிந்திக்கத்தக்கது. மது வடிக்கும் நோக்கத்தோடும் முறையோடும் செய்த பானம் எத்துணைச் சிறிதாயினும் விலக்கு. அவ்வாறு செய்யப்படாத மென்பானத்தில் இயல்பாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த சத்து இருப்பின் விலக்கன்று என்றனர். மலாய் மக்கள் சோற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் தாப்பாய் அவர்கட்கு விலக்கன்று; பீர் ஊற்றிய ரொட்டியோ அவர்கட்கு விலக்கே. நம் முடிவு அவர் முடிவினின்று வேறாகலாம். ஆனால் பொருளின் பெயரை மட்டும் பாராது, நோக்கத்தையும் முறையையும் பார்த்த அவர் நெறி நமக்கும் உரியதே.

இனி மாற்றார் கூறும் வலிய தடைக்கு வருவோம். அது பெரியார் செயலிலேயே அடங்கியுள்ளது. கள்ளுக்கடை மறியல் நடந்த 1921-ஆம் ஆண்டில் அவர் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்பது யாவரும் அறிந்தது. மரம் தீட்டுப்பட்டதென்றா வெட்டினார்? அன்று. அம்மரத்தாற் கிடைக்கும் கள்ளுப்பணம் தமக்கு வேண்டாவென்று வெட்டினார் என்றே யாம் கொள்கிறோம். அவ்வழியே நம் ரொட்டியையும் வினவுவோம். செய்முறை அரைப் புட்டியையே கேட்கிறது. மற்ற அரைப் புட்டி எங்கே போகிறது? சுடுபவள் அதனை வீணே கொட்டிவிடுவாளா? குடியை விட்டு ஆறு திங்களான கணவன் இருக்கும் வீட்டில் அது எந்த அலமாரியில் வைக்கப்படும்? அடுப்பின் தீ அத்துளிகளைக் குறைக்கலாம். அலமாரியிலுள்ள அரைப் புட்டியைத் தீ தொடுவதில்லை. இவ்விடத்தில் ரொட்டி குற்றமற்றதாயினும், அதனைச் சுடுதல் குற்றமாகிவிடும். குடியோடு போராடுவோன் ஒருவன் வாழும் வீட்டில் ஏழு துளியின் கணக்கைப் பேசுவது இரக்கமற்ற செயல். அங்கே பீருக்கு ஈடாகச் சோடாத் தண்ணீரையோ மோரையோ ஊற்றுங்கள். எழுப்புவது பேக்கிங் பவுடரே ஆதலின், ரொட்டி எழவே செய்யும்.

அவ்வாறே, விருந்தினர்க்கு வைக்கும்போது உள்ளதை உள்ளவாறு சொல்லிவிடல் வேண்டும். முஸ்லிம் அண்டைவீட்டாரும், விரதம் பூண்டோரும், மருந்துண்போரும் நம் தட்டை நம்பிக் கை நீட்டுகின்றனர். அறியாமல் உண்டால் தீங்கில்லை என்று கருதி மறைப்பவர், பிறர் மனச்சான்றைத் தம் நாவின் சுவைக்கு விலைபேசுகின்றார். அரைப் புட்டிப் பீரினும் அவ்வொரு பொய் பெரிய நஞ்சு.

இவற்றின் மேலும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. நகரத்தில் பீர் ரொட்டியை நாகரிகம் என்று புகழ்ந்து உண்ணும் சிலர், கள் விட்ட ஆப்பம் என்றால் மூக்கைப் பிடிக்கின்றனர். அன்று துரைமார் கிளப்புகளில் விஸ்கியும் சோடாவும் கலந்த ஸ்டெங்கா அருந்தியபோது அது பொழுதுபோக்கு எனப்பட்டது. தோட்டத்து லயத்தில் கள் குடித்தால் அது இழிகுணம் எனப்பட்டது. பானத்தில் வேற்றுமை காணாது, பருகுவோனிடத்து வேற்றுமை கண்ட நீதி இது. தாய்நாட்டிலோ இன்னும் கொடிது. பனையேறும் சமூகத்தாரும் தாழ்த்தப்பட்டோரும் மதுரை மீனாட்சி கோயிலுட் புக 1939-ஆம் ஆண்டு ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் கையாற் காய்ச்சிய கருப்பட்டி மட்டும் அதற்கு முன்னரும் எல்லார் வீட்டிலும் இனித்தது! கள்ளின்மேற் கொண்ட வெறுப்பு என்று நாம் எண்ணுவதில் எத்துணைப் பங்கு குடிகேட்டைப் பற்றியது, எத்துணைப் பங்கு கள் இறக்கியவன் குலத்தைப் பற்றியது என்பதை ஒவ்வொருவரும் தனித்திருந்து அளந்து பார்க்கக் கடவர்.

அன்பர்களே! குடியொழிப்பு என்பது பாத்திரங்களைத் தீட்டுக் கழிக்கும் சடங்கன்று. அது கூலி வீட்டுக்கு வந்து சேர்வதற்கும், அறிவு தலையில் நிற்பதற்கும் செய்துகொண்ட உறுதி. அவ்வுறுதிக்கு ஊறு செய்யும் இடத்தில் ஒரு துளியும் வேண்டா. ஊறு இல்லாத இடத்தில் ஒரு துண்டு ரொட்டியைக் கண்டு அஞ்சவும் வேண்டா. உண்பவரை இகழவும் வேண்டா. அன்று கடைவாயிலில் தடியடி பட்டோர் வீட்டு உலையில் அரிசி விழவேண்டும் என்பதற்காகவே நின்றனர். அவ்வுலையை மறவாதிருப்பதே அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு.