எண்ணிக்கையும் இருப்பும்

சிறிய கல்லூரி ஒன்றின் விவரக் கையேட்டைப் புரட்டுகிறோம். 'இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர்' என்னும் வரி நம் கண்ணில் படுகிறது. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று கவலையுற்றிருக்கும் பெற்றோருக்கு அவ்வரி பெரும் ஆறுதல். ஆயினும், அந்த எண் நமக்கு எதனை உறுதியளிக்கிறது? கணக்கில் பிழையற்ற ஓர் எண், வாழ்க்கையில் பொய்யாகிவிடுமா? இவ்வினா கணிதத்துக்கு மட்டும் உரியது அன்று, அறத்துக்கும் உரியது.

எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 100 பேர். மற்றொன்றில் 10 பேர். அலுவலகம் கூட்டி வகுத்தால் வகுப்புக்குச் சராசரி 55 பேர். ஆனால் 110 மாணவரையும் தனித்தனியே அழைத்து, 'உன் வகுப்பில் எத்தனை பேர்?' என்று வினவினால், 100 பேர் 'நூறு' என்பர். 10 பேரே 'பத்து' என்பர். அவ்விடைகளின் சராசரி ஏறத்தாழ 92. இரு கணக்குகளும் சரியே. ஒன்று அலுவலக மேசையிலிருந்து எண்ணப்பட்டது. மற்றது மாணவனின் இருக்கையிலிருந்து எண்ணப்பட்டது.

இனி, ஆசிரியர் என்று எண்ணப்படுவோர் யாவர்? அமெரிக்கக் கல்லூரிகள் இவ்விகிதத்தைக் கணக்கிடுகையில், பகுதிநேர ஆசிரியர் மூவரை முழுநேர ஆசிரியர் ஒருவராகக் கொள்வது வழக்கம். பாடவேளையைப் பொறுத்தவரை இது நியாயமான கணக்கே. ஆனால் வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி ஐயம் கேட்க வரும் மாணவிக்கு, மூவரும் அதற்குள் பேருந்து ஏறிச் சென்றிருப்பின், அங்கே எஞ்சுவது ஒன்றா, சுழியமா?

இதனால் பகுதிநேர ஆசிரியரைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று எவரும் கருதலாகாது. அடுத்த ஆண்டு தமக்கே இடம் உண்டா என்று அறியாத ஒருவர், 'மூன்றாண்டும் உனக்குத் துணை நிற்பேன்' என்று மாணவனுக்கு எங்ஙனம் வாக்களிப்பார்? ஒப்பந்த நியமனங்கள் மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டைக் கடத்தல் ஆகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதித்ததன் பொருளை இங்கேதான் உணர்கிறோம்.

எண்ணைக் காப்பாற்ற உண்மையைக் கைவிடுவதும் உண்டு. தமிழகப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றின் பதிவேடுகளில், ஒருவரே ஒரே வேளையில் பல கல்லூரிகளின் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தது 2024-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தாளில் விகிதம் நிறைவேறியது. வகுப்பறையில் நாற்காலி வெறுமையாக இருந்தது.

ஆசிரியர் குறைவாயிருந்தால் கல்வியே நிகழாதா என்று சிலர் வினவலாம். நிகழும். நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே இருந்தார்; சட்டாம்பிள்ளை அவருக்குத் துணை நின்றான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. அங்கே ஆசிரியர் சிலரே. எனினும் ஒவ்வொரு சிறுவனுக்கும் பொறுப்பேற்க ஒருவன் குறிக்கப்பட்டிருந்தான். விகிதம் தேட வேண்டியதும் அப்பொறுப்பையே அன்றோ?

எனவே, சிறிய கல்லூரிகளிடம் நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. போதிய ஆசிரியரை நியமிக்க நிதியில்லாமை குற்றம் அன்று. அதனை ஓர் எண்ணால் மூடிவைப்பதே குற்றம். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை பேர், வகுப்பு முடிந்தபின் மாணவர் அணுகக்கூடியவர் எத்தனை பேர் என்று பெற்றோரிடம் உள்ளபடி சொல்லட்டும். பெற்றோராகிய நாமும் கையேட்டை மூடிவைத்துவிட்டு, அங்கே பயிலும் மாணவன் ஒருவனிடம் ஒன்றே ஒன்று கேட்போம்: 'தம்பி, உன் பெயர் தெரிந்த ஆசிரியர் இங்கே எத்தனை பேர்?'