பார்வைக்கும் கணக்குண்டு

கி.பி. 1621-ஆம் ஆண்டு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு அபிசீனிய நாட்டு வரிக்குதிரை ஒன்று வந்து சேர்ந்தது. அதன் மேனியில் கறுப்பும் வெள்ளையும் அத்துணை ஒழுங்காய் ஓடியிருந்ததால், எவரோ சாயம் தீட்டியிருக்கக்கூடும் என்று சிலர் ஐயுற்றனர். நன்கு ஆய்ந்து நோக்கிய பின்னரே, அந்த வரிகளை வரைந்தவன் படைத்தவனே என்பது தெளிவாயிற்று. பின்னர் அவ்விலங்கு பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்குப் பரிசாகச் சென்றது. அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய அதன் ஓவியம் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்று மன்னர் ஒருவருக்கே வாய்த்த காட்சி இன்று காமிரா ஏந்திய எவர்க்கும் வாய்க்கின்றது. கென்யாவின் மசாய் மாராவுக்கும் தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் மக்கள் 'சஃபாரி' செல்கின்றனர். நம் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லே சுவாஹிலி மொழிக்குள் புகுந்து அவ்வாறு உருப்பெற்றது. ஸஃபருக்கு ஒழுக்கங்கள் உண்டு என்று ஓதி வளர்ந்தவர்கள் நாம். அப்படியாயின், பார்ப்பதற்கென்றே செல்லும் ஸஃபரில் பார்வைக்கும் ஓர் ஒழுக்கம் வேண்டாமா?

2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் மசாய் மாராவில் ஒரு குட்டி தென்பட்டது. அதன் கருமையான உடலில் வரிகளுக்குப் பதிலாக வெண்புள்ளிகள் சிதறிக் கிடந்தன. உடலின் நிறமி வழக்கம்போல் வரிவரியாய்ப் படியாமற்போனதன் விளைவு அது. செய்தி பரவிற்று, வாகனங்கள் அக்குட்டியைத் தேடி மொய்த்தன. அதன் படத்தைக் கண்டு நாமும் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று வியந்தோம். வியந்தது பிழையன்று. எனினும், அங்கே நெருங்கி நின்ற வாகனங்கள் நம்மைப் போன்றோரின் கண்களுக்காகவும் நின்றன என்பதை எண்ணுகையில் உள்ளம் கூசுகின்றது.

அறிவியலார் கூறுவதைக் கேட்போம். கடிக்கும் ஈக்கள் வரியுள்ள மேனியில் எளிதில் அமர மாட்டாமல் தடுமாறுகின்றன என்று 2019-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அங்ஙனமாயின் வரியிழந்த குட்டி தன் காவலில் ஒரு பகுதியை இழந்து பிறந்திருக்கிறது. மேலும், வேலிகளாலும் வயல்களாலும் துண்டுபட்டுச் சிறுத்த மந்தைகளில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகும்போது வரிகள் மாறிப் பிறப்பது உண்டு என்று 2020-இல் வெளியான மரபணு ஆய்வு எடுத்துரைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இதுவே காரணம் என்று கூறிவிட இயலாது. ஆயினும், நாம் அதிசயம் என்று கொண்டாடும் கோலம், சில இடங்களில், இடம் பறிபோன ஓர் இனத்தின் முறையீடாகவும் இருக்கலாம் அல்லவா?

அவ்வாறாயின் காமிராவைக் கீழே போட்டுவிட வேண்டுமோ எனில், வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு சனவரியில் வடகென்யாவில் நடந்த ஒரு பணியைப் பாருங்கள். அருகிவரும் கிரேவி வரிக்குதிரைகளைக் கணக்கெடுக்க எளிய மனிதர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இரண்டு நாட்கள் அலைந்தனர். அவர்கள் விசித்திரம் தேடவில்லை. கண்ட ஒவ்வொன்றையும் வலப்பக்கமாக நின்று படமெடுத்தனர். மனிதனின் கைரேகையைப் போலவே, ஒன்றின் வரி மற்றொன்றுக்கு இல்லை. அப்படங்களைக் கணிப்பொறி ஒப்பிட்டு ஒவ்வொன்றையும் இனங்கண்டது. கென்யாவில் எஞ்சியவை ஏறத்தாழ 2,350 என்று அதனால் அறிய முடிந்தது. எண்ணிக்கை தெரிந்தாலன்றோ காப்பதற்கு வழி பிறக்கும்!

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. புள்ளியுள்ள ஒன்றே அபூர்வம் என்று நாம் ஓடுகிறோம். உண்மையில், மந்தையில் உள்ள ஒவ்வொன்றும் அபூர்வமே. அதை உணரப் பொறுமை வேண்டும்; அவ்வளவுதான்.

படம் மட்டும் எதனையும் காத்துவிடாது என்பதற்கும் சான்றுண்டு. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த குவாகா என்னும் அரைவரிக் குதிரையினம் 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் தன் கடைசி உயிரையும் இழந்தது. அவ்வினத்தில் உயிரோடு படமெடுக்கப்பட்டது லண்டனில் இருந்த ஒரு பெண் குவாகா மட்டுமே. படம் நிலைத்தது, இனம் நிலைக்கவில்லை.

அரபு மொழியில் ஓவியனையும் புகைப்படம் எடுப்பவனையும் 'முஸவ்விர்' என்பர். 'அல்முஸவ்விர்', உருவமைப்பவன், என்பது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்று. உருவத்தை அமைத்தவன் அவன். அதன் நிழலைப் பிடித்துக்கொள்பவன் மனிதன். நிழலைப் பிடிப்பவன் உருவத்துக்குத் தீங்கு செய்யலாகாது. செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை என்று அறிந்திருக்கும் நாம், கண்ணின் செயலை மட்டும் அக்கணக்கிலிருந்து விலக்கிவிட இயலுமா?

ஆகவே, ஆப்பிரிக்கப் புல்வெளிக்குச் செல்பவரும் வீட்டில் அமர்ந்து படம் பார்க்கும் நாமும் ஒரே வினாவைக் கேட்டுக்கொள்வோம்: நம் பார்வையால் அந்த உயிருக்கு நேர்ந்தது என்ன? அதற்குத் தயங்காமல் விடை கூற இயலுமாயின், அந்தப் பார்வை நமக்கு ஆகுமானதே.