பசியும் பக்தியும்: எந்த விரதம் உங்க உடம்புக்கு?



கந்த சஷ்டி வந்தாலே நம்ம பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்கிற கேள்வி, "நீ எந்த விரதம் இருக்கே?" ஒருத்தர் மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, ஆறாம் நாள் ஆறு மிளகு. ஒருத்தர் இளநீர் மட்டும். இன்னொருத்தர் பாலும் பழமும். ஒரு வேளை சாப்பிடுறவங்களும் உண்டு. அதுல ஒரு தம்பி என்கிட்ட கேட்டான்: "அண்ணா, ஒரு வேளை சாப்பிட்டா என் பக்தி கம்மியா?"

கம்மி இல்லை தம்பி. ஏன்னு சொல்றேன்.

எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. அக்காவுக்குப் பாலும் பழமும் ஆறு நாளும் தாங்கும். எனக்குப் பால் குடிச்சா வயிறு உப்பிடும். பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற சக்தி எல்லா வயித்துக்கும் ஒரே அளவு கிடையாது. அதனால நான் மதியம் ஒரு வேளை பச்சரிசிச் சாதம், ரசம். பெரியம்மா சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்க. அவங்க பட்டினி கிடந்தா சர்க்கரை திடீர்னு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு, ஆறு நாளும் கோபப்படாம இருக்கிறதுதான் அவங்க விரதம். மூணு பேர்ல யார் பக்தி பெருசு? எந்தத் தராசுல நிறுக்கிறது?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் 10 குறள் எழுதியிருக்கார். அதுல ஒரு பண்டத்தோட பேரு கூட வராது. முன்னே சாப்பிட்டது செரிச்சுதான்னு பாரு, உடம்புக்கு ஒத்துக்கிறதை அளவோட சாப்பிடு, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே பட்டியல் போடாம, அவங்கவங்க உடம்பைக் கவனிக்கச் சொல்றார்.

"அப்போ இது சோம்பேறிக்குச் சாக்காப் போயிடாதா?" நியாயமான கேள்வி. ஒத்துக்காததும் பிடிக்காததும் வேற வேற. வடை வாசனைக்கு மனசு அலைஞ்சா அது நாக்கு கேட்குது. அதை அடக்கத்தான் விரதம். கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினா அது உடம்பு கேட்குது. அதை முருகன் வைக்கிற சோதனைன்னு நினைச்சு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஏதாவது சாப்பிடணும். நாக்குக்கு உடம்புன்னு பேர் வச்சு ஏமாத்தினா, ஏமாறுறது நாமதான்.

ஒரு யோசனை. எடுத்த எடுப்பில் ஆறு நாள் கடும் விரதம் வேண்டாம். மாசாமாசம் வளர்பிறை சஷ்டி வருதே, அந்த ஒரு நாள் இருந்து பாருங்க. சாயங்காலம் தலை வலிக்குதா, தூக்கம் எப்படி, வீட்டுல எரிஞ்சு விழுறோமான்னு கவனிங்க. திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் பார்க்க மணிக்கணக்கா நிற்கிறவருக்கும், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கும் ஒரே டம்ளர் தண்ணி போதாது. மாத்திரை சாப்பிடுறவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டர்கிட்ட கேட்காம ஆரம்பிக்கவே வேண்டாம்.

அடுத்தவங்க விரதத்தைக் காப்பி அடிக்கிறது சுலபம். நம்ம உடம்புகிட்ட பொய் சொல்லாம, அதுக்குத் தேவையானதை மட்டும் கொடுத்து, மிச்ச ஆசையை விடுறதுதான் கஷ்டம். அந்த நேர்மையைத்தான் நான் விரதம்னு நினைக்கிறேன். இந்த சஷ்டிக்கு யாராவது "இவ்வளவுதானா உன் விரதம்?"னு கேட்டா, சிரிச்சுட்டு அவன் பேரைச் சொல்லுங்க. போதும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!