அரிப்பும் ஒரு சோதனையே



மயிலாப்பூர்ப் பகுதியில் ஒரு பள்ளிவாசல். ஜும்ஆத் தொழுகையில் நமக்கு முன் ஸஃப்பில் நின்ற பெரியவர், கட்டிய கையை எடுத்து எடுத்து முதுகைச் சொறிந்தார். பக்கத்தில் நின்றவர் மெல்ல விலகினார். அடுத்த வாரம் பெரியவர் கடைசி ஸஃப்பில் தூண் ஓரமாக நின்றார். அதற்கடுத்த வாரம் வரவேயில்லை.

வீட்டுக்குப் போய் விசாரித்தோம். எப்போதோ வந்த அக்கி ஆறிவிட்டது. அரிப்பு மட்டும் போகவில்லை. "தி. நகர் பஸ்ஸில் ஜனங்கள் முறைத்தால் இறங்கிவிடலாம். அல்லாஹ்வின் வீட்டிலுமா?" என்றார். நமக்கு வெட்கமாயிற்று.

இது தோலின் நோயல்ல, நரம்பின் நோய். அக்கியால் புண்பட்ட நரம்பு மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறது. சர்க்கரை நோயாலும், முதுகெலும்பருகே நரம்பு நசுங்குவதாலும் இவ்விதம் வருவதுண்டு. இது எவருக்கும் தொற்றாது. அரிப்பைச் சுமக்கும் தனி நரம்பிழைகள் மனித உடலில் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியதே 1997-இல்தான்.

ஆனால் அரிப்பு ஒரு துன்பமென்பதை நம் மார்க்கம் என்றோ ஏற்றுக்கொண்டது. ஜுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) இருவருக்கும் அரிப்பு ஏற்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் பட்டாடை அணிய அனுமதித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பட்டையே அரிப்புக்காக அனுமதித்த மார்க்கம் இது! நாமோ ஸஃப்பில் ஒரு முழ இடம் தர மறுக்கிறோம்.

தொழுகையில் தொடர்ந்து மூன்று முறை கையை அசைத்தால் தொழுகை முறியும் என்று கூறும் ஷாஃபியீ ஃபிக்ஹு நூல்களே, பொறுக்க முடியாத அரிப்புக்கு விலக்கும் அளித்துள்ளன. ஹனஃபிகள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.

நோயுற்ற சகோதரரே! பொறுமை என்பது மருந்தை மறுப்பதல்ல. வழக்கமான அலர்ஜி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் பலன் தராது. நரம்பைத் தணிக்கும் மருந்துகள் வேறு உண்டு. டாக்டரிடம் செல்லுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறிவதற்குப் பதில் ஈரத்துணி வையுங்கள். வெந்நீர்க் குளியலைத் தவிருங்கள். ஜமாஅத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அருகில் நிற்பவரே! தோளோடு தோள் சேருங்கள். அய்யூப் (அலை) அவர்களின் துன்பத்தை நீக்கிய ரப்பு, நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நமக்கு இரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.