தியாகிப் பட்டம் தருவது யார்?

ஸ்ரீபெரும்புதூரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. 2003இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். மண்ணூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் இளைஞர்களில் பலர் 1991 மே 21க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது ஒரு முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட இடம், அவ்வளவுதான். ஆனால் அந்த இரவில் அங்கே செத்தவர்கள் ஒரே வகையினர் அல்லர். வாக்குக் கேட்க வந்த தலைவர், பாதுகாப்புக்கு நின்ற காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பாலும் காவலர்களும், தலைவரைப் பார்க்கக் கூடிய கட்சிக்காரர்கள், ஒரு பள்ளிச் சிறுமி, சதிகாரர்கள் படமெடுக்க அழைத்து வந்த புகைப்படக்காரர், உடலில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு காலைத் தொடக் குனிந்த, விடுதலைப் புலிகள் அனுப்பிய தனு என்ற இளம்பெண்.

இவர்களில் தியாகி யார்? பதில் கேட்கும் ஆளைப் பொறுத்து மாறும். இந்திய அரசு ஒரு பட்டியல் சொல்லும், கட்சி வேறொன்று சொல்லும். தனுவின் சாவைத் தியாகமாக மனத்துக்குள் வைத்திருப்பவர்களும் தமிழகத்தில் உண்டு. ஆள் மாறினால் மாறும் பட்டம் என்றால் அதற்கு அற மதிப்பு ஏதும் உண்டா என்பதே கேள்வி.

ஆயுதக் குழுக்களால் பிளவுண்ட எந்த நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. லெபனானில் 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே தியாகிகள் இருந்தார்கள். ஒரு தெருவின் தியாகி அடுத்த தெருவின் கொலைகாரன். ஈழத்தில் நிலைமை இன்னும் கொடியது, அங்கே அடுத்த தெருவும் தமிழ்த் தெருதான். ஒரே விடுதலையின் பெயரால் எழுந்த குழுக்களில் ஒன்றான டெலோவைப் புலிகள் 1986இல் அழித்தார்கள். அதன் தலைவர் ஸ்ரீசபாரத்தினம் அந்த மே மாதம் கொல்லப்பட்டார். 1989 ஜூலையில் கொழும்பில் தமிழ்க் கட்சித் தலைவர் அமிர்தலிங்கம், 1990 ஜூனில் சென்னைக் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும். அவர்களும் தம் மக்களுக்காக வாழ்வதாக நம்பியவர்களே. ஆயினும் புலிகளின் மாவீரர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை, அவர்களுக்குக் கிடைத்தது துரோகிப் பட்டம். துப்பாக்கி எவர் கையில் இருந்ததோ அவரே இரண்டு பட்டங்களையும் எழுதினார்.

அந்தக் கையிலிருந்து எழுதுகோலைப் பிடுங்கிவிட்டுத் தொடங்கினால், ஒரு சாவைத் தியாகம் என்று சொல்ல என்ன வேண்டும்? கொடுக்கப்படும் உயிர் தன்னுடையதாக இருக்க வேண்டும், அதைத் தானே மனமுவந்து கொடுத்திருக்க வேண்டும். 1987 செப்டம்பரில் புலிகள் இயக்கத்தின் திலீபன் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அருகே நீரும் அருந்தாமல் கிடந்து 12ஆம் நாள் இறந்தார். அவருடைய இயக்கத்தை ஏற்காதவரும் அந்த மேடையில் வேறு எவர் உயிரும் பணயம் வைக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தனுவும் தன் உயிரைக் கொடுத்தார். ஆனால் தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத சிறுமியின் உயிரையும் கூட எடுத்துச் சென்றார். தன்னிடம் இருப்பதைத்தான் தானமாகக் கொடுக்க முடியும். அந்தச் சிறுமியின் உயிர் தனுவுக்கும் அவரை அனுப்பியவர்களுக்கும் சொந்தமானதல்ல.

மனமுவந்து என்ற நிபந்தனை இன்னும் கடுமையாக வெட்டுகிறது. போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிள்ளைகளைப் பிடித்துச் சென்றார்கள். பதுங்குகுழியில் மறைத்து வைத்த மகளைக் காப்பாற்ற முடியாமல் போன தாய்மார் பலர். அப்படிப் போய்ச் செத்த பிள்ளையை மாவீரர் என்று அழைக்கும்போது, வேண்டாம் என்று அழுத அதன் குரல் இரண்டாம் முறை அடைக்கப்படுகிறது. எதிர்ப்பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில் பணியில் நின்ற காவலர்களும் சாவைத் தேர்ந்தவர்கள் அல்லர். ஆபத்துள்ள வேலையைத் தேர்ந்தார்கள், வேலை நேரத்தில் செத்தார்கள். அவர்களுடைய கண்ணியத்துக்கு வீரகாவியம் தேவையில்லை, கடமையில் நின்றதே போதும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பலவீனனுக்கு வேறு என்ன ஆயுதம்? 1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை அமைதியை மட்டும் கொண்டு போகவில்லை. அந்த அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முறையான விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை. நீதிமன்றக் கதவு மூடியிருந்தால் பழிவாங்கல் கதவு திறக்கத்தானே செய்யும் என்கிறார்கள். கோபம் ஏன் வந்தது என்பதை இந்த வாதம் சரியாகவே விளக்குகிறது. ஆனால் ஒரு செயல் ஏன் நடந்தது என்று விளக்கிவிட்டால் அது நியாயமாகிவிடாது. மருத்துவமனையில் செத்த செவிலியரும் ஸ்ரீபெரும்புதூரில் செத்த சிறுமியும் ஒரே குற்றத்துக்குப் பலியானவர்கள்: நின்ற இடம் தவறு என்ற குற்றம். முதல் சாவுக்கு நீதி கேட்கும் தகுதி, இரண்டாவது சாவைக் கொண்டாடும்போது போய்விடுகிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ராஜீவ் கொலைக்குப் புலிகள் பொறுப்பேற்கவில்லை. 2006இல் அவர்களுடைய ஆலோசகர் அன்டன் பாலசிங்கம் அதை வரலாற்றுத் துன்பியல் என்று சொல்லி வருந்தியதோடு சரி. தியாகி என்று ஊருக்குச் சொல்லிக் கொண்டாட முடியாத சாவுக்கு ஒரு இளம்பெண்ணை அனுப்பலாமா? அனுப்பியவர்கள் கடைசிவரை பதில் சொல்லாத கேள்வி அது.

பட்டம் கூடாது என்றால் துக்கமும் கூடாதா? இங்கேதான் அரசுகள் தவறுகின்றன. இலங்கை ராணுவம் புலிகளின் கல்லறைத் தோட்டங்களான துயிலும் இல்லங்களை இடித்தது. கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்திலேயே படைத் தலைமையகம் எழுந்தது. 2021 ஜனவரியில் இறுதிப் போரில் செத்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இரவோடு இரவாகத் தகர்க்கப்பட்டது, மாணவர் போராட்டத்துக்குப் பிறகே மீண்டும் கட்ட வழி பிறந்தது. அதே நாட்டில் 1971இலும் 1987–89இலும் ஆயுதம் ஏந்தி அரசை எதிர்த்த ஜே.வி.பி. தன் மாவீரர்களை ஆண்டுதோறும் பகிரங்கமாக நினைவுகூர்கிறது. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024இல் குடியரசுத் தலைவரும் ஆனார். ஒரு தாயின் கண்ணீர் நினைவேந்தலாகவும் இன்னொரு தாயின் கண்ணீர் பயங்கரவாதமாகவும் எண்ணப்பட்டால், அந்த நாடு தன் குடிகளிடம் விசுவாசம் கேட்க முடியாது.

தமிழ் மரபு இதை வேறுவிதமாகக் கையாண்டிருக்கிறது. ஆநிரை கவரப் போய்ப் பட்டவனுக்கும் நடுகல் உண்டு, மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் உண்டு. எடுத்தனூரில் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்குக் கூடக் கல்லில் இடம் கிடைத்தது. இழந்தவர்கள் கல் நட்டார்கள். எதிரியின் ஊரில் நிற்கும் கல்லைப் பெயர்த்தால்தான் தன் வீரம் நிற்கும் என்ற எண்ணம் அதில் இல்லை. செத்தவர் எவராயினும் அழ உரிமை உண்டு. அந்த அழுகையை அடுத்த சாவுக்கு ஆள் சேர்க்கும் அழைப்பாக மாற்றத்தான் உரிமை இல்லை.

விசுவாசம் என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம வேறொரு விதத்தில் காட்டினார். ஒரு காலத்தில் புலிகளுக்கு நெருக்கமாக இருந்தவர். பிறகு இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, புலிகள், பிற குழுக்கள் என்று எவர் கொன்றாலும் எழுதி வைத்தார். சக ஆசிரியர்களுடன் சேர்ந்து 'முறிந்த பனை' நூலை உருவாக்கினார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்று அவருடைய சகாக்கள் குற்றம் சாட்டினர். அவர் சாவைத் தேடவில்லை, ஊரைவிட்டுப் போக மறுத்தார், கண்டதைச் சொல்வதை நிறுத்த மறுத்தார். தன் மக்களுக்கு நேரும் கொடுமையைச் சொல்பவர் தன் மக்களின் பெயரால் நடக்கும் கொடுமையையும் சொல்வதே நாட்டுப்பற்றின் உச்சம் என்றால், அவரைவிடப் பற்றுள்ளவர் அந்த யுத்தத்தில் அதிகம் பேர் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 2011 ஆகஸ்டு 28 அன்று, ராஜீவ் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரின் தூக்கை நிறுத்தக் கோரி செங்கொடி என்ற இளம்பெண் காஞ்சிபுரத்தில் தீக்குளித்து இறந்தார். கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்தச் சாவு அதை மேலும் நியாயமாக்கவில்லை. கருணை மனுக்கள் மீது முடிவெடுக்க ஆன பெருந்தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் மூவரின் தண்டனையைக் குறைத்தது. 2022இல் மே மாதம் பேரறிவாளனும் நவம்பரில் அதே வழக்கில் சிறையிலிருந்த மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள். வழக்கறிஞர்களின் வாதங்களும், பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் ஏறி இறங்கிய படிகளும் செய்த வேலை அது. உயிரோடு இருந்து, ஆண்டுக்கணக்கில், சலிக்காமல் செய்த வேலை. செங்கொடியும் உயிரோடு இருந்து அதைச் செய்திருக்க முடியும்.

கடல் கடந்து பாதுகாப்பாக நின்றுகொண்டு பிறர் பிள்ளையின் சாவுக்குப் பேனர் கட்டுவது பற்று ஆகாது. உயிரை விலையாகக் கேட்கும் எந்தத் தலைமையும், அது அரசாயினும் இயக்கமாயினும், முதலில் ஒன்றைக் காட்ட வேண்டும்: தன்னைத் தவறு என்று சொன்னவர்கள் தன் ஆட்சிக்குள் அச்சமின்றி வாழ்கிறார்கள் என்பதை. அதைக் காட்ட முடியாத தலைமைக்காகச் செத்தவர்களைப் பார்த்து நாம் அழலாம், அழவும் வேண்டும். அவர்களை முன்மாதிரி என்று இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.