இமைக்காத ஓர் இரவு

ஆடி மாதத்தில் ஓர் இரவு. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் தெருவில் சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டர் புகையுமாக ஒரு வண்டி ஊர்ந்து வருகிறது. அதன்மேல் தெர்மக்கோலில் செதுக்கிய கைலாயம். நடுவில், உடம்பெங்கும் நீலம் பூசிக்கொண்டு, கழுத்தில் ரப்பர் பாம்போடு ஒருவர் சிவனாக அமர்ந்திருக்கிறார். இதை வண்டி வேடிக்கை என்பார்கள். மாரியம்மன் திருவிழாவின்போது இங்கேயும் பக்கத்தில் குகை என்னும் பகுதியிலும் நடப்பது. முன்பு மாட்டு வண்டிகள் வந்தன, இப்போது லாரியும் டிராக்டரும் வருகின்றன. புராணத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதன் தேவர்களாகவும் அசுரர்களாகவும் தெருப் பையன்களே வேடம் கட்டி, வண்டி கோயிலைச் சுற்றி வரும் வரை பெரும்பாலும் அசையாமல் இருக்க வேண்டும். நன்றாக இருந்த வண்டிக்குப் பரிசு உண்டு. ஆடுவதையும் பாடுவதையும்தான் கலை என்று பழகிவிட்ட நமக்கு, சும்மா இருப்பதற்குப் பரிசு கொடுக்கிற ஒரு பேட்டை கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும். அதுவும் சந்தைக்கென்றே உண்டான பேட்டை, செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படுகிற, லீ பஜாரின் மூட்டைகளும் வெல்ல மண்டிகளும் பகலெல்லாம் யாரையும் சும்மா இருக்க விடாத பேட்டை.

மன அமைதியைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். கைப்பேசியில் அதற்கென்று செயலிகள் இருக்கின்றன. காலை ஆறரைக்கு மணியடித்து மூச்சைக் கவனிக்கச் சொல்கின்றன, தவறவிட்டால் வருத்தத்தோடு நினைவூட்டுகின்றன, தொடர்ந்து இருபது நாள் அமைதியாக இருந்தால் ஒரு பதக்கமும் தருகின்றன. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அந்தச் செயலியைத் திறக்கிறவர்களின் களைப்பு உண்மையானது, அதைக் கேலி செய்ய மனம் வருவதில்லை. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராத வலியும் நோயும் கொண்டவர்களுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். புத்த மரபின் தியான முறைகளை எடுத்து, அவற்றிலிருந்து சமயத்தை மட்டும் கழற்றி வைத்த பயிற்சி அது. இன்று உலகெங்கும் விற்பனையாகிற அமைதியில் பெரும்பகுதி அந்த ஊற்றிலிருந்து கிளம்பியதுதான்.

அந்தப் புத்தர் சேலத்திலும் இருக்கிறார். நகரத்துக்குள்ளேயே, பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் என்று நெடுங்காலமாகக் கும்பிடப்பட்டு வந்த கற்சிலை புத்தருடையது என்று 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொல்லியல் துறை போய்ப் பார்த்துக் கொடுத்த அறிக்கை அதற்கு அடிப்படை. கால் மடித்து, மடியில் கைமேல் கை வைத்து, தியானத்தில் அமர்ந்திருக்கிற உருவம். கழுத்தில் துண்டாகி மறுபடி ஒட்டவைத்த தலை. இடத்தைத் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசை கூடாது என்றது தீர்ப்பு. வரலாற்றுக்கு அது நியாயம் செய்திருக்கிறது. ஆனாலும் அந்தத் தலைமுறைகளை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தியானத்தில் இருந்தவரிடம் போய் அவர்கள் அமைதி கேட்கவில்லை. காணாமல் போன மாட்டையும், வராத மழையையும், பிள்ளையின் காய்ச்சலையும் பற்றித்தான் முறையிட்டிருப்பார்கள். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கண்மூடி உட்கார்ந்திருக்கிற ஒருவர் தம் பேச்சைக் கேட்கிறார் என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. சேலத்துக் கொலுசு நாடெங்கும் போகிறது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், பல இடங்களில் அது வீட்டின் முன்னறைதான். விசிறி இருக்கும், ஓடாது. காற்றடித்தால் தீயின் நாக்கு சாயும், பொடி பறக்கும். வெள்ளிக் கம்பியில் செய்த சின்னஞ்சிறு வளையங்களைக் கோத்து, சேரும் இடத்தில் பற்றுப் பொடி வைத்து, தீயைக் காட்டுகிறார்கள். பொடி உருகிப் பளிச்சென்று ஓடுகிற கணம் ஒன்று வரும். அதற்கு முன்னால் தீயை எடுத்தால் ஒட்டாது, தாண்டி விட்டால் கம்பியே இளகிவிடும். ஒரு கொலுசில் அப்படி எத்தனையோ கணங்கள். இருபது வருடமாக அந்தக் கணத்தின்மேல் கண்ணை வைத்திருக்கிறவர்களுக்குக் கவனத்தைச் சொல்லித்தர ஒரு செயலி வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் நல்ல மூக்குக்கண்ணாடியும், புகை வெளியேற ஒரு ஜன்னலும்தான்.

இங்கேதான் நம் பேச்சு சிக்கிக்கொள்கிறது. கையால் செய்யும் வேலையில் மனம் ஒன்றிப்போகிறது, அதுவே தியானம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடைக்குக் கூலி வாங்குகிறவர்களாக இருப்பதில்லை. ஒன்றிப்போவது உண்மைதான். பட்டறையில் நுழைந்து பார்த்தால் பேச்சு நின்று, மூச்சுகூட மெல்ல நடப்பது தெரியும். அப்படி ஒன்றாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதும் அதே அளவு உண்மை. ஓய்வும் அப்படியே. வெள்ளி விலை தாறுமாறாக ஏறி வியாபாரிகள் கைகட்டி நிற்கிற வாரங்களில் பட்டறைகள் அடங்கிக் கிடக்கும், தெருவில் அந்த மெல்லிய தட்டல் சத்தம்கூடக் கேட்காது. அந்த அமைதியை யாரும் ஓய்வு என்று சொல்வதில்லை. வேலை இல்லாததற்கும் ஓய்வுக்கும் நடுவே உள்ள தூரம், மாதச் சம்பளம் வாங்குகிற நமக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் பழைய ஏற்பாடுகளை நினைக்க வேண்டியிருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, நகைக்கும் துணிக்கும் கிராக்கி குறைவு. எப்படியும் கை சும்மா இருக்கப் போகிற மாதத்தில்தான் ஊர் திருவிழாவை வைத்துக்கொண்டிருக்கிறது. கோட்டை மாரியம்மனும் பேட்டைகளின் மாரியம்மன்களும் இந்த மாதத்தில்தான் பூச்சாட்டு, கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, பொங்கல் என்று வரிசையாக ஊரைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். கம்பம் நட்டுவிட்டால் இரவு வெளியூரில் தங்கக் கூடாது என்பது பெரியவர்கள் வைத்திருந்த கட்டு. கறி இல்லை, கடுஞ்சொல் கூடாது, எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் வீடு வர வேண்டும். இதையே இன்று ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப்போய், சைவ உணவும் சேர்த்து மூன்று நாளைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, கைப்பேசியை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுக் கடைப்பிடிக்கிறோம்.

இந்தக் கட்டுகள் நிம்மதிக்காக ஏற்பட்டவை என்று சொல்லிக்கொண்டால் அது பொய்யாகிவிடும். பயத்தில் பிறந்தவை அவை. மாரியம்மன் அம்மை நோயின் தெய்வம். ஒரு தெருவில் பெரியம்மை கண்டால் அடுத்த தெரு நடுங்கிய காலம் அது, ஊரைவிட்டுப் போகாதே என்பதன் பொருள் அப்போது வேறு. இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததாக 1977-லும், உலகிலேயே ஒழிந்ததாக 1980-லும் அறிவித்தார்கள். நோய் போய்விட்டது, வேப்பிலை மிச்சம். சின்னம்மை கண்ட வீட்டில் இன்னும் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுகிறார்கள். தாளிப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, யாரும் வந்து போவதில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீடே தணிந்த குரலில் பேசுகிறது. என் சிறுவயதில் எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் காரணம் சொல்லாமல், குற்ற உணர்வும் இல்லாமல் பத்து நாள் படுத்திருந்ததை நான் பார்த்தது அப்படி ஒரு முறைதான். ‘அம்மா வந்திருக்காங்க’ என்றால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். களைப்பாக இருக்கிறது என்று அதே முதலாளியிடம் சொல்லிப் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியவில்லை.

திருவிழாவில் ஓய்வு யாருக்கு என்று அடுப்படியில் கேட்டால் வேறு பதில் வரும். வெளியூர் உறவெல்லாம் வந்து இறங்கும், கூழ் காய்ச்ச வேண்டும், மாவிளக்குக்கு இடிக்க வேண்டும், பொங்கல் வைத்து வந்த கையோடு விருந்துக்கு அரைக்க வேண்டும். ஊரெல்லாம் வேலையை விட்டுவிட்ட அந்த நாட்களில் பெண்களின் வேலை இரட்டிக்கிறது. இதை மறைத்துவிட்டுப் பழையதைப் போற்றுவது நியாயமாகாது. என்றாலும், பெரிய அடுப்பைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி வருடத்துக் கதையையெல்லாம் பேசித் தீர்க்கிற அந்தப் பிற்பகலை, வெறும் உழைப்பு என்று தள்ளிவிடவும் அவர்களே சம்மதிப்பதில்லை.

2020-ஆம் ஆண்டு ஆடியில் கொரோனாவால் கோயில் கதவுகள் பக்தர்களுக்கு மூடியிருந்தன. பூச்சாட்டு இல்லை, வண்டி வேடிக்கை இல்லை. யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், பட்டறையும் மண்டியும் பாதி நாள் அடங்கிக் கிடந்தன. கம்பம் நட்ட ஊர் எப்படி இருக்க வேண்டுமோ அதைவிடக் கண்டிப்பாக ஊர் இருந்தது. அதில் ஓய்ந்தோம் என்று சொன்னவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கம்பம் இல்லாத கட்டுப்பாடு வெறும் அடைப்பாக இருந்தது. வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் வீட்டு வாசலில் தாங்களாகவே வேப்பிலை கட்டி, ஒரு சொம்பில் மஞ்சள் நீர் வைத்துக்கொண்டார்கள்.

இயற்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவ்வாய்ப்பேட்டை மாடிகளில் நின்றால் மழை ஓய்ந்த காலையில் வடக்கே சேர்வராயன் மலை தெளிவாகத் தெரியும். அந்தப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு கோட்டை மாரியம்மன் கோயிலை ஒட்டி நகருக்குள் நடந்து, நாமக்கல் சீமையைக் கடந்து காவிரியில் சேர்கிறது. பெயரில் திருவும் உண்டு, மணியும் உண்டு, முத்தும் உண்டு. நகருக்குள் அதைக் கடக்கிறபோது நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சக்தியை நீரிலிருந்து கரகத்தில் அழைத்து வருவது மரபு. எந்த நீர் என்று கேட்பதில்லை. மனம் தெளிய மலைக்குப் போகிறவர்கள் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள்.

வண்டி நெருங்கிவிட்டது. நீலம் பூசிய சிவன் பட்டறையில் உட்காருகிறவராக இருக்கலாம், பஜாரில் மூட்டை இறக்குகிறவராக இருக்கலாம். சாயத்துக்கு அடியில் வேர்க்கிறது, மூக்கின் நுனியில் ஒரு பூச்சி உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, கை அசையவில்லை. தெருவின் இரு பக்கமும் கைப்பேசிகள் உயர்ந்து நிற்கின்றன, முக்கால்வாசிப் பேர் சிவனைத் திரையில்தான் பார்க்கிறார்கள். கைப்பேசி இல்லாத ஒரு பாட்டி மட்டும், இடுப்பில் பேத்தியை வைத்துக்கொண்டு, திண்ணை ஓரமாக நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்ப்பது சடையையோ பாம்பையோ அல்ல, கண்ணை. குழந்தை ஏதோ கேட்கிறது. ‘சும்மா இரு கண்ணு’ என்கிறாள், பார்வையை எடுக்காமல். வண்டி குழியில் இறங்கி ஏறுகிறது, கைலாயம் ஒருமுறை குலுங்குகிறது.

‘பாத்தியா, சிமிட்டிட்டாரு!’ என்று பேத்தியின் தொடையில் தட்டிச் சிரிக்கிறாள் பாட்டி.