கேட்கவில்லை, சொல்லவுமில்லை

திருப்பூரில் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார். பனியன் கம்பெனிகளுக்குத் துணிகளைப் படம் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். தம்முடைய பழைய காமிரா லென்ஸ் ஒன்றை இணையத்தில் விளம்பரம் செய்து, வெளியூர் அன்பர் ஒருவருக்கு விற்றிருக்கிறார். வாங்கியவர் அதை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சணம்! பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்.

"அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை ஹஜ்ரத்! இதில் நான் சொன்ன பொய் எது?" என்றார் வாலிபர்.

"பூஞ்சணம் இருப்பது முன்பே தெரியுமா?" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டார்.

மௌனமும் மோசடியாகுமா? நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுவே.

தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள்ளே கையை விட, விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தி இது.

அந்த வணிகரும் வாயால் பொய் சொல்லவில்லை. கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார். மழை அவர் குற்றமுமன்று. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். லென்ஸில் படர்ந்த பூஞ்சணமும் ஈரக் காற்றில் தானே வளர்ந்ததுதான். ஆனால் குறை தெரியாதபடி விளம்பரப் படம் எடுத்தாரே, அது ஈரத்தை அடியில் வைத்ததற்கு ஒப்பல்லவா?

அப்படியானால் குறையுள்ள பொருளை விற்கவே கூடாதா? அப்படியன்று. நம் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பனியன்களை 'செகண்ட்ஸ்' என்று சொல்லியே விற்கிறார்கள். கறையும் தையல் பிசகும் தெரிந்தே மக்கள் வாங்குகிறார்கள். விலையும் அதற்கேற்பக் குறைவு. இதில் தடையேதும் இல்லை.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகம் செய்தவர்கள். தம் கூட்டாளியிடம் அனுப்பிய சரக்கில் ஒரு துணியில் குறையிருப்பதாகவும், அதைச் சொல்லியே விற்க வேண்டுமென்றும் கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மறதிக்கே இப்படியென்றால், தெரிந்தே மறைத்ததற்கு?

ஹனஃபி மத்ஹபில், பாராமல் வாங்கியவருக்குப் பார்த்தபின் மறுக்கும் உரிமையுண்டு. மறைந்த குறை வெளிப்பட்டாலும் திருப்பித் தரலாம். வாங்கியவருக்கும் கடமையுண்டு. குறை தெரிந்தபின் அதைத் தம் பொருளாகப் பயன்படுத்தினால் அவருடைய உரிமை போய்விடும். அவர் கையில் புதிதாக உடைசல் ஏற்பட்டிருந்தால், விற்றவர் சம்மதித்தாலன்றித் திருப்பித் தர இயலாது. பழைய குறைக்கு ஈடான தொகையை மட்டுமே கேட்கலாம்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், 2020இல் மின்வணிக விதிகள் வந்தன. எப்போதோ ஒருமுறை தம் சொந்தப் பொருளை விற்கும் தனி மனிதருக்கு அவ்விதிகள் பொருந்துவதில்லை. சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்திலல்லவா நம் ஈமான் சோதிக்கப்படுகிறது!

"பணம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போய்விட்டதே ஹஜ்ரத்!" என்றார் வாலிபர். "உண்மையைச் சொல்லித் தவணை கேளுங்கள்" என்றோம். அங்கேயே தொலைபேசியில் பேசினார். குறை தமக்கு முன்பே தெரியுமென்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. மறுமுனையில் இருந்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, இரண்டு தவணைகளில் தந்தால் போதும் என்றாராம்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அந்தப் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. மறைத்து வாங்கிய பணம் பள்ளிக் கட்டணமாகவே போயிருந்தாலும், அது பிள்ளைக்கு நாம் ஊட்டும் ஹலாலான உணவாகுமா?

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.